நண்டுக்கு நடுமுள் ஏது?

"சேசிஸ் சுத்தமா இருக்கு, தாராளமா எடு" என்று அப்பா சொன்னார். 2018 கோடையில், தண்டையார்பேட்டையின் குறுகிய தெரு ஒன்றில், 2005ஆம் ஆண்டு செடான் கார் ஒன்றின் அடியில் சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி அவர் சொன்ன வாக்கியம் அது. எண்ணூர் அசோக் லேலண்டில் 32 ஆண்டுகள் சேசிஸ் அசெம்பிளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்படிச் சொன்ன பிறகு மேற்கொண்டு விசாரிக்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. அன்று மாலையே முன்பணம் கொடுத்தேன். அப்பா பார்த்தது பார்த்தபடியே சொன்னார்; எதையும் மறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. ஆனால் அந்தக் காரில் அவர் தேடிய சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் தனி அடிச்சட்டம் என்ற உறுப்பே கிடையாது என்பது ஏழு மாதம் கழித்துத்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பணம் போனதை மறந்துவிட்டேன். அந்த வாக்கியத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

சேசிஸ் இல்லாத காருக்குச் சேசிஸ் எண் மட்டும் இருப்பதுதான் வேடிக்கை. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணுக்குப் பக்கத்தில் அது அச்சாகியிருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த 17 குறிகள். 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் அந்த வரிசையில் வருவதில்லை. காப்பீட்டுக்காக வண்டியைப் பார்க்க வருபவர், எண் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, சின்ன வயதில் நாம் நாணயத்தைத் தேய்த்து எடுத்தோமே, அதைப் போலப் படி எடுத்துக்கொண்டு போவார். எங்கள் காரில் அவர் தேய்த்த இடம், எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் நிற்கும் தகட்டுச் சுவர். லாரியாக இருந்தால் அதே எண் கனமான நீளச் சட்டத்தில் ஆழமாக அடித்திருக்கும். மெல்லிய தகட்டில் எண்ணை அடித்துவிட்டு அதற்குச் சேசிஸ் என்று பெயர் சொல்கிறார்களே என்று எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கீழே ஒன்று, மேலே எதுவும்

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. முகப்பும் ஸ்டியரிங்கும் நான்கைந்து சக்கரமும் மட்டும் உள்ள ஒரு வண்டி. கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. தற்காலிகமாகப் பொருத்திய இருக்கையில், தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் துண்டும் கட்டிய ஓட்டுநர் வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டிக்கொண்டு போவார். அப்படியே கரூருக்கும் நாமக்கல்லுக்கும் வடநாட்டுக்கும் போய்ச் சேரும். பேருந்தாக வேண்டுமானால் கரூரில் கூண்டு கட்டுவார்கள். லாரியாக வேண்டுமானால் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம். "கூண்டு கட்டுவது" என்ற சொல்லை நான் இப்போதும் ரசிக்கிறேன். உள்ளே இருக்கும் ஜீவன் வேறு, வெளியே இருக்கும் கூண்டு வேறு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அப்பாவுக்கு வாகனம் என்றால் அதுதான். இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் கிராஸ் மெம்பர்கள், ஆக மொத்தம் படுக்க வைத்த ஏணி. அதன்மேல் எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், ஸ்பிரிங் பட்டைகள். ஏணியைப் பற்ற வைப்பதைவிட ரிவெட் அடித்தும் போல்ட் முடுக்கியும் சேர்ப்பதன் காரணத்தை அவர் எனக்குப் பள்ளிக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது லாரியின் ஏணி சற்று முறுக்கிக்கொள்ள வேண்டும். முறுக்கிக்கொள்ளாமல் விறைத்து நின்றால் மூட்டில் விரிசல் விடும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் எஃகின் குணமே மாறிவிடும். சட்டத்தின் குறுக்குவெட்டு பகர வடிவத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போலிருக்கும். அதன் நிமிர்ந்த பக்கத்தில் துளை போடலாம், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் போடவே கூடாது, ஏனென்றால் பாரம் வளைக்கும்போது இழுபடுவதும் அமுங்குவதும் அந்த விளிம்புகள்தான். கூண்டு கட்டுகிறவர்கள் அவசரத்தில் விளிம்பில் துளை போட்டுவிடுவார்கள் என்பது அவருடைய ஆயுட்கால வருத்தம். பிள்ளையைக் கட்டிக்கொடுத்த இடத்தில் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் குரலில் அதைச் சொல்வார்.

இந்த உலகத்தில் 'பாடி' என்பது உடுப்பு. லேலண்டின் வைக்கிங் பேருந்துச் சேசிஸ் ஒரு ஊரில் நகரப் பேருந்தாகவும் இன்னோர் ஊரில் தொலைதூரப் பேருந்தாகவும் திரியும். கோமெட் லாரிச் சேசிஸ் மேல் சரக்குப் பெட்டியும் வைக்கலாம், தண்ணீர்த் தொட்டியும் வைக்கலாம், மணலிக்குப் போகும் எண்ணெய் டேங்கரையும் ஏற்றலாம். "கீழ ஒண்ணுதான், மேல எது வேணுமோ போட்டுக்கோ" என்பார். கூண்டு நசுங்கினால் கழற்றி வேறு கட்டிக்கொள்ளலாம். ஏணி வளைந்தால்தான் வண்டி செத்தது. ஆகவே பழைய வண்டி வாங்குகிறவன் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக லாரி வாங்கும் உறவினர்களுக்கெல்லாம் அவர் அப்படித்தான் பார்த்துக் கொடுத்தார், ஒருவர்கூட ஏமாந்ததில்லை.

டிக்கியின் மரியாதை

நான் அந்தக் காரை விரும்பியது அதன் வால் பகுதிக்காக. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் பக்கத்தில் கார்களை செடான், ஹேட்ச்பேக் என்று யாரும் பிரிப்பதில்லை. டிக்கி வைத்த வண்டி, டிக்கி இல்லாத வண்டி, பெரிய வண்டி என்ற மூன்று சாதிதான். குதிரை வண்டியின் பின்னால் பணியாள் உட்காரும் இருக்கைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் டிக்கி. அது பழைய கார்களின் பின்பக்கத்தில் மடித்துத் திறக்கும் இருக்கைக்கு வந்து, அந்த இருக்கை மறைந்த பிறகு அங்கே மிஞ்சிய சாமான் அறைக்கு நம் ஊரில் நிலைத்துவிட்டது. டேஷ்போர்டும் அப்படித்தான், குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேற்றைத் தடுக்க வைத்த பலகை. கூப்பே என்றால் பிரெஞ்சில் வெட்டியது. நீளமான கோச் வண்டியின் ஒரு பாதியை வெட்டிக் குறுக்கியது. கார் உருவங்களின் பெயர்களில் பாதி, வண்டிப் பட்டறைகளின் பெயர்கள். மெட்ராஸில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியும் குதிரை வண்டி கட்டித்தான் ஆளானது; இன்று செம்பியத்தில் எஞ்சின் செய்கிறது.

டிக்கி என்ற மரியாதைக்கு விலை வைத்தது அரசாங்கம். 2006 நிதிநிலை அறிக்கையில், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் பெட்ரோலானால் 1200, டீசலானால் 1500 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. அதன் பிறகு இந்திய செடான்களின் வாலை வெட்டத் தொடங்கினார்கள். 2008இல் இண்டிகோ சி.எஸ். வந்தது, 4 மீட்டரைத் தாண்டியிருந்த டிசையர் 2012இல் 3995 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. 2025இல் ஜி.எஸ்.டி. விகிதங்களை மாற்றியபோதும் சிறிய காருக்கு 18, மற்றதற்கு 40 என்று பிரித்த கோடு அதே 4 மீட்டரில்தான் விழுந்தது. வரிக்காகக் குறுகிய இந்தக் குட்டை வால் செடான் எனக்குப் பார்க்கச் சகிப்பதில்லை. ஹேட்ச்பேக்கின் முதுகில் சூட்கேஸைக் கட்டியது போலிருக்கும். அதனால்தான் 2005ஆம் ஆண்டின் முழு வால் வண்டியைத் தேடிப் போனேன். உருவத்தை நான் பார்த்தேன், அடியை அப்பா பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பீடிங்குக்குப் பின்னால்

முதலில் வலது பின்கதவு. ஓங்கி அறைந்தால்தான் மூடும். பிறகு மழைக்காலத்தில் அந்தக் கதவின் அடியில் தண்ணீர் கசிந்து தரைவிரிப்பு நாறியது. வேகம் கூடினால் அதே பக்கத்தில் காற்று விசில் அடித்தது. வலது பின் டயர் மட்டும் உள்விளிம்பில் தேய்ந்தது. அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தும் தேய்மானம் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனி வியாதியாக எண்ணித் தனித்தனியாகச் செலவு செய்துகொண்டிருந்தேன். கடைசியில், கதவை மட்டும் சரிசெய்யலாம் என்று வியாசர்பாடியில் ஒரு டிங்கர் பட்டறைக்கு வண்டியை விட்டேன். அப்பாவும் கூட வந்தார். பட்டறை என்றால் அவருக்குக் கோயிலுக்குப் போவது போல.

பட்டறைக்காரரைப் பாய் என்றே எல்லோரும் அழைத்தார்கள். அறுபதை நெருங்கிய மனிதர். அவர் குனியவில்லை, அடியில் படுக்கவில்லை, டார்ச்கூட எடுக்கவில்லை. இடது கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் நடுத்தூணின், அதாவது நடு பில்லரின் மேலிருந்த ரப்பர் பீடிங்கை விரலால் பற்றி இழுத்தார். அது உரிந்து வந்தது. உள்ளே இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில், துவரம்பருப்பு அளவில் சின்னச் சின்னக் குழிகள், ஒழுங்கான இடைவெளியில், தைத்த துணியின் தையல் போல மேலிருந்து கீழ்வரை ஓடின. "இதுதாந்தம்பி கம்பெனி பஞ்சிங்" என்றார். இரண்டு பக்கமும் செம்பு முனைகளை வைத்து அழுத்தி மின்சாரத்தைப் பாய்ச்சினால் அந்தப் புள்ளியில் மட்டும் இரண்டு தகடும் உருகி ஒன்றாகும். அந்தத் தடயமே இந்தக் குழி. ஒரு காரில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். பிறகு வலது பக்கம் போனார். பீடிங்கை உரித்தார். அங்கே குழிகள் இல்லை. வழவழவென்று பெயிண்ட். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினார். பள்ளத்தை நிரவப் பூசும் பட்டி உதிர்ந்தது. விரலளவு கனத்துக்குப் பட்டி. அதற்குள் மேடும் பள்ளமுமாக ஒரு வெல்டிங் தழும்பு, பில்லரைக் குறுக்காகச் சுற்றி ஓடியது. கீழே, கதவுகளுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டிலும் அதே கதை.

"பக்கவாட்டுல செம அடி வாங்கின வண்டி. பில்லரை அறுத்து எடுத்துட்டு, வேற வண்டி பில்லரை ஒட்ட வெச்சிருக்காங்க."

அப்பா நிமிர்ந்து நின்றார். "ஆனா சேசிஸ் நல்லா இருக்கே பாய். நானே படுத்துப் பார்த்தேனே."

பாய் சிரிக்கவில்லை. அதற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். அப்பாவின் கையைப் பிடித்து அந்தத் தழும்பின் மேல் வைத்து, "இதாண்ணே சேசிஸ்" என்றார்.

அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெதுவாக மேலே கூரை வரைக்கும் போயிற்று, கூரையிலிருந்து முன் பில்லர் வழியாக இறங்கியது, பானெட்டுக்குள் அப்ரான் தகட்டைத் தொட்டது, மறுபடி ரன்னிங் போர்டுக்கு வந்தது. கண் தெரியாதவர் ஒருவர் முகத்தைத் தடவி அடையாளம் காண்பது போல அவர் காரைச் சுற்றி வந்தார். 32 ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் சேசிஸ் அந்தக் கைகளைத் தாண்டிப் போயிருக்கிறது. வீடு திரும்பும் வரை அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை, உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. விற்றவன் மறைத்தான் என்பதைவிட, தெரிந்தவர் பார்த்தும் தெரியவில்லை என்பது என்னை அதிகமாக எரித்தது.

பெரம்பூர்ப் பதில்

மறுநாள் காலையில் அப்பா தானாகவே அயனாவரத்துக்குக் கிளம்பினார், பெரியப்பாவைப் பார்க்க. பெரியப்பா பெரம்பூர் ரயில் பெட்டி ஆலையான ஐ.சி.எஃப்.பில் ஷெல் டிவிஷனில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் தம்பி இருவருக்கும் இடையே, பொங்கலுக்குப் பொங்கல் கிளம்பி யாரும் ஜெயிக்காமல் முடியும் ஒரு பழைய வழக்கு உண்டு. 'எங்கள் வண்டியா, உங்கள் பெட்டியா' என்பது அதன் தலைப்பு. சின்ன வயதில் அதைத் தொழிற்சங்கப் பெருமை என்றே நினைத்திருந்தேன். ரயில் பெட்டிக்கும் லாரிக்கும் என்ன போட்டி? அன்றுதான் அது என்ன வழக்கு என்று எனக்குப் புரிந்தது.

ஐ.சி.எஃப். என்ற பெயரை வட சென்னையில் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் முதல் எழுத்துக்கு என்ன பொருள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. 'இன்டெக்ரல்'. ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலை என்று தமிழ்ச் செய்தித்தாள்கள் எழுதும்போது, பல தொழிற்சாலைகளை ஒன்றாக இணைத்தார்கள் போலும் என்று எண்ணியிருந்தேன். இணைந்தது தொழிற்சாலை அல்ல, பெட்டி. அதற்கு முன்பு ரயில் பெட்டியும் லாரியைப் போலத்தான் கட்டப்பட்டது: அடியில் பாரம் தாங்கும் இரும்புச் சட்டம், அதன்மேல் மரத்தால் கட்டிய கூண்டு. இரண்டு ரயில்கள் மோதினால் ஒரு பெட்டியின் அடிச்சட்டம் அடுத்த பெட்டியின் சட்டத்தின் மேலேறி, மரக்கூண்டுக்குள் புகுந்து, தொலைநோக்கிக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகுவது போலச் செருகிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி வடிவமைத்து, 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்த பெரம்பூர் ஆலையில் கட்டிய பெட்டியில், நெளி தகட்டுத் தரையும் பக்கச் சுவர்களும் கூரையும் ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டு, நான்கும் சேர்ந்தே பாரம் தாங்கின. அடிச்சட்டம் தனி, கூண்டு தனி என்பது அங்கே இல்லை. அந்தத் தகட்டு உடலைக் கட்டும் பிரிவுக்குப் பெயர்தான் ஷெல். இருக்கை, மின்விசிறி பொருத்துவது வேறு பிரிவு.

அதே 1955இல்தான் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயர் அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டில் பிறந்த என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் கட்டத் தொடங்கியது. அந்த புல்லட்டின் சட்டமோ அடியில் திறந்து கிடக்கும், இடைவெளியை எஞ்சினே நிரப்பித் தானும் சட்டத்தின் ஓர் எலும்பாகிவிடும். பாரத்தைத் தாங்குவது எது என்ற ஒரே கேள்விக்கு, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் மூன்று ஆலைகள் மூன்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. நான் மூன்றையும் கடந்துதான் கல்லூரிக்குப் போய்வந்தேன்.

அப்பா நடந்ததைச் சொன்னதும் பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜெயித்த முகம் இல்லை. "நீ வஞ்சிரம் அறுத்தே பழகினவன்டா. நடுமுள்ளு நேரா இருக்கான்னு பார்ப்ப. இது நண்டு. நண்டுக்கு முள்ளு ஏது? ஓடுதான் முள்ளு. ஓடு உடைஞ்சா நண்டு போச்சு." காசிமேட்டில் மீன் வாங்கி வளர்ந்த குடும்பத்துக்கு இதைவிடத் தெளிவாக யாரும் மானோகாக் உடலை விளக்கியிருக்க முடியாது. மானோகாக் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஒற்றை ஓடு என்பதுதான் பொருள். முதலில் 1912இல் பந்தய விமானம் ஒன்றுக்கு வைத்த பெயர். 1922இல் லான்சியா லாம்டா இந்த முறையைக் காருக்குக் கொண்டுவந்தது. 1934இல் சிட்ரோயன் தன் முன்சக்கர இழுவைக் காரில் அதைப் பெரும் எண்ணிக்கையில் செய்தது. இன்னொன்றையும் பிற்பாடு படித்தபோது பெரியப்பாவிடம் சொன்னேன், மகிழ்ந்து போனார்: சேசிஸ் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குப் பொருள், பெட்டி.

ஓடு என்று வந்துவிட்டால் உருவம் உடுப்பாக இருக்க முடியாது. இதைத்தான் நான் மெதுவாக உணர்ந்தேன். இனிப்புக் கடை அட்டைப்பெட்டியை மூடி இல்லாமல் இரண்டு கையால் முறுக்கிப் பாருங்கள், துவண்டுவிடும். மூடியை ஒட்டிவிட்டு முறுக்கினால் அசையாது. எங்கள் பக்கத்து மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலங்களில் கூரையை அறுத்த பழைய கார்களைப் பார்த்திருக்கிறேன். பூ அலங்காரத்துக்கு நடுவே கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். நடுவில் தொய்ந்த உடலில் கதவு மூடாது என்பதே காரணம். கூரை அங்கே வெயிலுக்குப் போட்ட பந்தல் இல்லை, பெட்டியின் மூடி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் இதற்கு விலக்கு. இங்கிலாந்தில் தங்களுக்கு உடல் தகடு அடித்துக்கொடுத்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், ட்ரையம்ஃப்காரர்கள் 1959இல் ஊரோடு ஒட்டாமல் தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கும் காராக அதை வடிவமைத்தார்கள். 1961இலிருந்து சென்னையில் தயாரான அந்த வண்டியில் கூரையைக் கழற்றினாலும் கதவு கதவாக இருந்தது. ஆலை கிடைக்காத நெருக்கடியில் பிறந்த குணம், ஊர்வலத்துக்கு உதவியது.

இதே கணக்கில் ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டையைச் சுற்றித் தகட்டை உறுதியாக்கியே அதை ஈடுகட்டுகிறார்கள். செடானில் பின் இருக்கைக்குப் பின்னாலுள்ள தடுப்பும், நாம் டிஷ்யூ பெட்டியும் பிள்ளையாரும் வைக்கும் அந்தப் பலகையும் உடலை முறுக்காமல் பிடித்து வைக்க உதவுகின்றன. ஆக, மரியாதைக்காக நான் விரும்பிய டிக்கிக்கும் உடலின் உறுதியில் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கு எனக்குப் பயன்படாமல் பில்லரே போய்விட்டது என்பது வேறு விஷயம்.

அப்பளம்

அப்பா அவ்வளவு சுலபத்தில் தோற்கவில்லை. தோற்க வேண்டிய அவசியமும் இல்லை என்பேன். "அம்பாசடரைப் பாரு, அதுல சேசிஸ் இருந்துச்சு, அதனாலதான் இரும்பு மாதிரி நின்னுச்சு" என்று ஒரு வாரம் கழித்து ஆரம்பித்தார். இது எங்கள் தெருவே சொல்லும் வாதம். ஆனால் அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டும் தனி ஏணி இல்லாத, உடலே பாரம் தாங்கும் கார்தான். அதன் தகடு கனம், பின்னால் லாரியைப் போலப் பட்டைகள், ஓட்டினால் லாரி போன்ற அசைவு. இவை எல்லாமாகச் சேர்ந்து அடியில் ஏணி இருக்கிறது என்ற நம்பிக்கையை நமக்குக் கொடுத்துவிட்டன. இதைச் சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை. ராயபுரத்தில் நின்றிருந்த ஒரு பழைய டாக்ஸியின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் காபி கேட்டார்.

அடுத்த வாதம் செய்தித்தாளிலிருந்து வந்தது. கார் அப்பளம் போல் நொறுங்கியது என்று எழுதாத தமிழ் விபத்துச் செய்தி உண்டா? எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சின்னக் காரில் போகிறவனுக்கு அந்த வாக்கியம் தினமும் அடிவயிற்றில் புரளும். ஆனால் அப்பளமாக வேண்டியது காரின் மூக்கு. மெர்சிடஸ் பென்ஸில் பேலா பாரெனி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்று, 1959இல் சாலைக்கு வந்த ஏற்பாடு அது: முன்னும் பின்னும் மடங்கி மோதலின் வேகத்தைத் தின்ன வேண்டும், நடுவில் மனிதர் இருக்கும் அறை மட்டும் மடங்கக் கூடாது. மோதலில் விறைப்பாக நிற்கும் வண்டியின் உள்ளே இருப்பவரின் விலாவும் கழுத்தும் அந்த வேகத்தைத் தின்கின்றன. நடு அறையும் சேர்ந்து நொறுங்கினால்தான் அது குற்றம். அந்தக் குற்றமும் நடந்ததுதான். 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ஐந்து இந்தியச் சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதிப் பார்த்தபோது ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். ஏணி இல்லாததால் வந்த பூஜ்யம் என்று அதை அப்பா சொன்னார். ஓட்டைக் கட்டியவர்கள் கஞ்சத்தனம் செய்ததால் வந்தது என்பது பெரியப்பா கட்சி. நான் பெரியப்பா கட்சி.

இன்று சாலையில் உயரமாக, சதுரமாக, முறைத்துக்கொண்டு போகும் வண்டிகளில் பெரும்பாலானவை நண்டுகள். ஸ்கார்பியோவும் பொலீரோவும் தாரும் இன்னும் வஞ்சிரம். 2011இல் வந்த எக்ஸ்.யூ.வி. 500 உடலே சட்டமான வண்டி. இன்னோவா என்ற ஒரே பெயரில் கிரிஸ்டா ஏணியின்மேல் ஓடுகிறது, ஹைகிராஸ் ஏணி இல்லாமல் ஓடுகிறது. உருவத்தைப் பார்த்து உள்ளே என்ன என்று சொல்ல முடிந்த காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இன்னமும் குனிந்து அடியைத்தான் பார்க்கிறார்கள். என்னிடம் யாராவது துணைக்கு வரச் சொன்னால் நான் நேராகப் போய் நான்கு கதவுகளின் பீடிங்கையும் உரித்துவிடுகிறேன். விற்பவர்களுக்கு என்னைப் பிடிப்பதில்லை.

காரை என்ன செய்வது என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இருந்தது. கோணிய உடலை நிமிர்த்தும் பெஞ்சில் ஏற்றி இழுத்து, பக்கவாட்டுத் தகட்டைப் புதிதாக வாங்கிப் போட ஆகும் தொகையைப் பாய் சொன்னபோது, அது நான் கார் வாங்கிய விலையில் முக்கால் பங்கு இருந்தது. அப்படிச் செய்தாலும், பில்லரின் உள்ளே வைக்கும் உறுதி கூடிய எஃகு ஒருமுறை வெல்டிங் சூட்டில் இளகியது இளகியதுதான் என்றும் சொன்னார். பட்டியைத் திரும்பப் பூசி, பீடிங்கை ஒட்டி, வாங்கிய விலைக்கே தள்ளிவிடலாம் என்று யோசனை சொன்ன நண்பர்கள் உண்டு. நானும் ஓர் இரவு முழுக்க அதை யோசித்தேன். "இன்னொருத்தன் அப்பன் அடியில படுத்துப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்வான்டா" என்றார் அப்பா. 2019 தொடக்கத்தில் வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டோம்.

கதவுகள், இருக்கைகள், எஞ்சின் எல்லாம் போன பிறகு சிமென்ட் தரையில் வெறும் ஓடு நின்றது. பதிவை ரத்து செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று, உடைக்கிறவர் சேசிஸ் எண் இருந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து அப்பாவிடம் நீட்டினார். உள்ளங்கை அகலத் தகடு. அதைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். வளைந்து, திரும்ப நிமிர்ந்தது. வெட்டிய விளிம்பு பிளேடு போலிருந்தது. வாங்குகிறவர் கையைக் கிழித்துவிடும் என்று சொல்லி, அங்கேயே ஓர் அரத்தைக் கேட்டு வாங்கி, நான்கு பக்கமும் நிதானமாக ராவி, செய்தித்தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.